அஸ்டா ஏறாத கப்பல்

அஸ்டாவுக்குக் கடல் ஆகாது.
துறையில் கயிறு அவிழ்ப்பதற்குள்
முகம் வெளிறிப் பச்சையாகிவிடும்.
வெளியூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும்
எழுபது நிமிடம் ஃபெரியில்
காகிதப் பை மடியில் இருக்க
கண்ணைத் திறக்காமலே சொல்லுவாள்:
"உனக்கு இடது பக்கம் திறந்து கிடக்கிறது, மேரன்.
பந்தைப் பார்க்காதே.
எறிகிறவளின் முழங்கையைப் பார்."

அவளுக்குப் போய்க் கப்பலா
என்றாள் சிக்னே,
ரொட்டிக்கடை மாவு காயாத கையோடு.

நேர்ந்துகொண்டவள் உல்லா.
கிறிஸ்துமஸுக்குக்கூடத் தேவாலயம் போகாதவள்.
ஓடென்ஸ மருத்துவமனை நடைவழியில்
அஸ்டாவின் நெஞ்சைத் திறந்திருந்த ஆறு மணி நேரத்தில்
யாரைப் பார்த்தோ சொல்லிவிட்டாள்,
இவள் எழுந்து வந்தால் ஒரு கப்பல் என்று.

எங்கள் தீவுத் தேவாலயத்தின் கூரையில்
தொங்குவதெல்லாம் கப்பல்தான்.
புயலுக்குத் தப்பியவர்கள் நேர்ந்தவை,
தப்பாதவர்களின் வீட்டார் நேர்ந்தவை.
ஒரு ஹேண்ட்பாலைத் தொங்கவிடலாமா என்று
பாதிரியாரிடம் கேட்டோம்தான்.
சிரித்தார். சம்மதிக்கவில்லை.

ஆக, மூன்று பாய்மரம். இரண்டரை மீட்டர் நீளம்.
கை தூக்கியவர்கள் ஏழு பேர்.
நவம்பருக்குப் பிறகு வந்தவர்கள் நாலு பேர்.
இரண்டு குளிர்காலம்
என் கார் மழையில் நின்றது,
கப்பல் கராஜில் நின்றது.

மெரெத்த பொய்ப்பல் செய்கிறவள்.
பல் குடைகிற கருவியால்
நூற்று நாற்பது கப்பி துளைத்தாள்,
ஒவ்வொன்றும் பாசிப்பயறு அளவு.
துளைக்கும் முன் ஒவ்வொன்றிடமும்
"பெரிதாகத் திற" என்பாள்.

பழைய கோல் வலையை அறுத்துக்
கயிற்றேணி கட்டிப் பார்த்தோம்.
கண்ணி பெரிது, மாலுமி தவறி விழுவான் என்றாள் சிக்னே.
மாலுமியே இல்லையே என்றேன்.
என்றாலும் அவிழ்த்துவிட்டோம்.
நான் விட்ட கோல்கள் அத்தனையும்
போய் விழுந்த வலை அது.
எனக்கு வருத்தமில்லை.

பலகை இடுக்குகளை அடைக்கிற நாளில்
பைன் பிசினைச் சூடாக்கினோம்.
மூடி திறந்ததும்
நால்வரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தோம்.
பந்து வழுக்காதிருக்க
விரல் விரலாய்ப் பூசிக்கொண்ட அதே பிசின்.
கதவுப்பிடியில், சைக்கிள் மணியில்,
என் மகனின் முதல் தொட்டிலில்
சுரண்டச் சுரண்டப் போகாத வாசனை.
யாரும் பேசவில்லை.
உல்லா மட்டும் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும்
ஒட்டினாள், பிரித்தாள்,
ஒட்டினாள்.

பிப்ரவரியில் குளியல்தொட்டியில் மிதக்கவிட்டோம்.
இடப்பக்கம் சாய்ந்தது.
மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

வலப்பக்க வயிற்றில் எடை வைக்க
பதக்கங்களைக் கொண்டுவந்தோம்.
வெண்கலம் ஆறு, வெள்ளி ஒன்று.
போதவில்லை.
தங்கம் இருந்திருந்தால் சரியாகியிருக்கும்
என்றாள் மெரெத்த,
பகடியா புகாரா தெரியவில்லை.
இருபத்தாறு வருடம் முந்தைய அந்தக் கடைசி எறி
இடது மூலையில்தான் போனது.
மிச்ச எடைக்குக்
கார் சக்கரத்து ஈயத் துண்டுகளைப் போட்டு
மேல்தளத்தை மூடினோம்.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை.
தீயணைப்பு நிலையத்து யேப்ப
ஏணிமேல் நின்று கயிற்றை இழுத்தான்.
ஊரே அண்ணாந்து கப்பலைப் பார்க்க
நான் யேப்பயின் முழங்கையைப் பார்த்தேன்.
முட்டி மடங்கியிருந்தது, கைகள் விரிந்திருந்தன.
கப்பல் விழுந்தால் பிடிக்கலாம் என்றா நினைத்தேன்?
முப்பது கிலோ.

முதல் வரிசையில் அஸ்டா.
சட்டைப் பொத்தானுக்கு மேலே தழும்பின் நுனி.
அணியம் பலிபீடத்தை நோக்க வேண்டும் என்றார் பாதிரியார்.
கூட்டத்தின் சூடு மேலேறியதோ என்னவோ,
கப்பல் மெல்லத் திரும்பிற்று.
வாசலை நோக்கி ஒருமுறை,
தயங்கிப் பிறகு இப்பக்கம்.

அஸ்டா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பார்க்கப் பார்க்க
அவள் முகம் பச்சையாயிற்று.

சிக்னே ஓடி வந்து
ரொட்டிக்கடைப் பையை உதறி நீட்டினாள்.
எள் சிதறியது.
பையை மடியில் வைத்துக்கொண்டு,
கண்ணை இறுக மூடிக்கொண்டு
அஸ்டா சொன்னாள்:
"இன்னும் இடது பக்கம்தான், மேரன்."